சன் ஆர்.பி.எம். மீட்டரும் என் ஆறு வோல்ட் காரும்: ஒரு ரிப்பேர் கடைக்கு மதிப்பெண்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பழைய கார் மீட்டர்களைத் தபாலில் வாங்கி, சரிசெய்து, திருப்பி அனுப்புகிற ஒற்றை ஆள் கடை அது. அவரைப் பாராட்டவும் எனக்குக் காரணம் இருக்கிறது, நொந்துகொள்ளவும் காரணம் இருக்கிறது. நொந்துகொள்வதைப் பெயர் போட்டு எழுத மனமில்லை. பழைய ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) வைத்திருந்து, அதில் ஒரு சன் டேக்கோமீட்டரை, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரை, உயிர்ப்பிக்க நினைப்பவர்களுக்குக் கடையின் பெயரைவிட நடந்தது என்ன என்பதுதான் உதவும்.

என் கார் 1940 ஃபோர்டு கூபே. உள்ளே இருக்கும் இன்ஜின் அதனுடையது இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் 1951ஆம் வருடத்து 8பி.ஏ. ஃபிளாட்ஹெட் வி8 ஒன்றை இறக்கியிருந்தார். 239 கன அங்குலம், தொழிற்சாலைக் கணக்கில் 3600 ஆர்.பி.எம்.மில் 100 குதிரைத்திறன். மேலே மூன்று கார்புரேட்டர், பக்கத்துக்கொரு சைலன்சர் என்று பேருக்கு ஒன்று. ஆனால் மின்சாரம் மட்டும் பழையபடியே ஆறு வோல்ட், பாசிட்டிவ் எர்த். ஃபோர்டு 1956இல்தான் பன்னிரண்டு வோல்ட், நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. அதற்கு முந்தைய ஃபோர்டுகளில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் கவ்விக்கொண்டிருக்கும். "பன்னிரண்டுக்கு மாற்றிவிடு, தொல்லை விட்டது" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஹாரன் அடிக்கிறது, டைனமோ சார்ஜ் ஏற்றுகிறது. ஒரு மீட்டருக்காக இவ்வளவையும் பிடுங்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பிடிவாதம்தான் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் மூலம்.

ஆர்.பி.எம். மீட்டர் அந்தக் காருக்கு அலங்காரம் இல்லை. ஃபிளாட்ஹெட்டின் கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்குகள், அளவுக்கு மேல் சுற்ற விடக் கூடாது. அந்த சைலன்சர் சத்தத்தில் 3500 எது, 4500 எது என்று என் காதுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த என் மகள்தான் ஒருநாள், "அப்பா, இது எவ்வளவு சுத்துதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான் பிழைப்புக்கே மீட்டர் பார்ப்பவன், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கருவிகளை அளவு சரிபார்க்கும் வேலை.

மீட்டர் கிடைத்தது கலிஃபோர்னியாவின் பொமோனா ஸ்வாப் மீட்டில், பழைய கார் சாமான் சந்தையில். விடிவதற்கு முன்பே கையில் டார்ச்சோடு உள்ளே போனால்தான் அங்கே நல்ல சாமான் கண்ணில் படும். ஒரு பெரியவர் தார்ப்பாயில் பரப்பியிருந்த கார்புரேட்டர்களுக்கு நடுவே, பழந்துணியில் சுற்றிய சன் டேக்கோமீட்டர் தலை. கறுப்பு டயலில் விசிறிபோல விரிந்த வெள்ளை எண்கள், 0 முதல் 8000 வரை. கண்ணாடி மேல் 4200க்கு நேராக யாரோ சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் பேரம் பேசும் தெம்பு பாதி போய்விட்டது. எவனோ ஒருவன் தன் இன்ஜினுக்கு இதற்கு மேல் ஆகாது என்று தன் கையால் எழுதி வைத்திருக்கிறான். பக்கத்தில் அதன் டிரான்ஸ்மிட்டர் டப்பாவும் இருந்தது. இரண்டும் சேர்த்து 260 டாலர். தலை மட்டும் கிடைத்து டப்பா கிடைக்காமல் அலைபவர்கள் நிறைய உண்டு. அதனால் நான் வாயைத் திறக்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த டப்பா எதற்கு என்று சொல்லாமல் மேலே போனால் பின்னால் சொல்வது விளங்காது. சன் எலக்ட்ரிக் சிகாகோவில் இருந்த கம்பெனி. ஒர்க்ஷாப்புகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் டெஸ்டர், இன்ஜின் சோதனை மேடை செய்து விற்றவர்கள். 1992இல் ஸ்னாப்-ஆன் அதை வாங்கிக்கொண்டது. சோதனைக் கருவி செய்தவர்கள் என்பதால் ரேஸ் ஓட்டியவர்கள் இவர்கள் மீட்டரை நம்பினார்கள். 1950களில் வந்த சன் மீட்டரின் தலையில் மூளை எதுவும் கிடையாது. அது வெறும் மில்லியாம்பியர் மீட்டர்: ஒரு காந்தம், அதன் நடுவே மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய சட்டம், இரண்டு ஹேர்ஸ்பிரிங், ஒரு முள். கணக்குப் போடுவதெல்லாம் டப்பாதான்.

டப்பா போடும் கணக்கு இதுதான். வி8 இன்ஜின் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் நான்கு ஸ்பார்க். அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற ஸ்விட்ச் நான்கு முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டப்பா ஒரு உழக்கு மின்சாரத்தை மீட்டருக்குள் ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உழக்கு எப்போதும் ஒரே அளவு. எத்தனை முறை ஊற்றுகிறோம் என்பது மட்டும் மாறும். வேகமாக ஊற்றினால் சராசரி கரண்ட் ஏறும், முள்ளும் ஏறும். அவ்வளவுதான் முழு ரகசியமும்.

சிக்கல் அந்த உழக்கில்தான். கார் மின்சாரம் நிலையில்லாதது. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெல்ல ஓடும்போது, ஆறே கால் வோல்ட், டைனமோ சார்ஜ் ஏற்றும்போது ஏழுக்கு மேல், ஹெட்லைட் போட்டால் மறுபடியும் இறங்கும். அதிலிருந்து உழக்கை அளந்தால் உழக்கே சுருங்கும், விரியும். அதனால் எனக்குக் கிடைத்த டப்பாவில் அளவுக்கென்று தனியாக மெர்க்குரி செல் வைத்திருந்தார்கள். சாமுவேல் ரூபன் 1940களில் உருவாக்கி, மல்லோரி கம்பெனி செய்து விற்ற வகை. மெர்க்குரி செல்லின் அழகு, அது சாகும் நாள் வரை 1.35 வோல்ட்டிலேயே நிற்கும். கேமரா லைட் மீட்டர்களிலும் இதே காரணத்துக்காகத்தான் அதை வைத்தார்கள். 1996இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் மெர்க்குரி ஆக்சைடு பட்டன் செல் விற்பனையைத் தடை செய்தது. சரியான முடிவுதான், பாதரசம் குப்பையில் போய்ச் சேர வேண்டிய சாமான் இல்லை. ஆனால் அந்தச் செல்லை நம்பிச் செய்த கருவிகளுக்கு அதோடு சோறு நின்றது.

என் டப்பாவைத் திறந்தபோது செல் இருந்த இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்த உப்பு. தொடர்புத் தகடுகளை அரித்து, கீழே இருந்த ரெசிஸ்டரின் கால் வரைக்கும் இறங்கியிருந்தது. ரப்பர் கையுறை போட்டு, செல்லை ஜிப் கவரில் அடைத்து, கவுண்டியின் (இங்கே மாவட்டம் மாதிரி) அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இதை யாரும் ஊதித் தட்டாதீர்கள். வாய் வைத்து ஊதுவது நம் கை வழக்கம், இங்கே வேண்டாம்.

அந்த இடத்தில் சாதா அல்கலைன் செல் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஒன்றரை வோல்ட்டில் தொடங்கி நாள்போக்கில் இறங்கிக்கொண்டே வரும், மீட்டரும் கூடவே பொய் சொல்லும். சில்வர் ஆக்சைடு 1.55இல் நிலையாக நிற்கும், ஆனால் மெர்க்குரியைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகம். 4000 ஓடினால் 4600 என்று காட்டும். கேமராக்காரர்கள் நடுவில் ஒரு ஷாட்கி டயோடு போட்டு அந்த 0.2 வோல்ட்டைக் கழிப்பார்கள். நல்ல குறுக்கு வழி. என் டப்பா அரிப்பில் அந்த நிலையைத் தாண்டிவிட்டது.

தலையின் நிலையும் சுமார்தான். முள் 2500 வரை போய் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். விரலால் தட்டினால் மேலே போகும். இதைச் சோதிக்க யாரும் ஒன்பது வோல்ட் பேட்டரியை நேரடியாக வைத்துவிடாதீர்கள், முள் பறந்துபோய் ஓரத்தில் அடித்து வளையும். ஒரு பென்சில் செல்லும், தொடரில் பத்து கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் போதும். முழு ரெசிஸ்டன்ஸில் தொடங்கி மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள், முள் எங்கே தயங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். காந்த இடைவெளியில் இரும்புத் துகள் சிக்கியிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தாலும் கை வைக்கவில்லை. வேலையில் நான் தொடுவதெல்லாம் டிஜிட்டல். ஹேர்ஸ்பிரிங்கைத் தொட்டு இருபது வருடம் ஆயிற்று. அதனால்தான் கடை.

கடைக்காரரின் படிவத்தில் மீட்டரின் பெயர், சிலிண்டர் எண்ணிக்கை, டயல் மறுபடி அச்சிட வேண்டுமா, இவ்வளவுதான் கேள்வி. டயலைத் தொடாதீர்கள், நகப்பூச்சுக் கோட்டைத் துடைக்காதீர்கள், கார் ஆறு வோல்ட் பாசிட்டிவ் எர்த், புது போர்டு அதற்கேற்றபடி வேண்டும் என்று தனியாக ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தேன். மீட்டர் வேலைக்கு 185 டாலர், உள்ளே வைக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு 95. ஆறு வாரம் என்றார், பதினோரு வாரம் ஆனது. நடுவில் நான் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுத்தார் என்பதால் அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

பெட்டி வந்த அன்று நான் முதலில் பார்த்தது மீட்டரின் பின்பக்கத்தை. இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு துண்டு செப்புக் கம்பியை முறுக்கிவிட்டிருந்தார். பார்த்ததும் எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. மூவிங் காயில் மீட்டரின் முனைகளை ஷார்ட் செய்தால், பெட்டி குலுங்கும்போது காயில் காந்தத்துக்குள் நகர்ந்து தானே மின்சாரம் உண்டாக்கும், அந்த மின்சாரமே காயிலைப் பிடித்து நிறுத்தும். முள்ளுக்கு இலவச பிரேக். கம்பி இல்லாமல் மீட்டரைக் கையில் வைத்து ஆட்டினால் முள் குடைராட்டினம்போல ஆடும், கம்பியைப் போட்டு ஆட்டினால் தேனில் நகர்வதுபோல நகரும். கம்பியைப் போட்டும் எடுத்தும் மகளுக்கு நாலைந்து முறை காட்டினேன். "மேஜிக் மாதிரி இருக்குப்பா" என்றாள். அனலாக் மீட்டரைத் தபாலில் அனுப்பும் எவரும் செய்ய வேண்டியது இது. எங்கள் நிலையத்தில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது.

முள் வேலை பொன் போல இருந்தது. பொட்டென்ஷியோமீட்டரைத் திருகத் திருக, கீழிருந்து மேல் வரை ஒரு தயக்கம் இல்லை. மீட்டரைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் பூஜ்யம் அரைக் கோடு அகலம்கூட நகரவில்லை. அப்படியென்றால் முள்ளின் எடையைச் சரியாகச் சமன் செய்திருக்கிறார் என்று அர்த்தம். டயலில் தூசி மட்டும் போயிருந்தது, எழுத்து பழைய எழுத்தே. கண்ணாடியை உள்பக்கம் துடைத்திருக்கிறார், வெளியே அந்தச் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. வேலைச் சீட்டில் "சிவப்புக் கோடு: தொடாதே" என்று இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். புதுசாக அச்சடித்த டயல் போட்ட மீட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். பல்செட் போட்டவர் சிரிப்பதுபோல, எங்கேயோ ஒரு இடத்தில் அளவுக்கு மேல் வெள்ளை தெரியும். பழைய டயலின் மஞ்சளைக் கெடுக்காமல் விட்டதற்கே இவருக்கு நான் ஐந்துக்கு ஐந்து தருவேன்.

அப்புறம் மின்சாரம்.

இணைப்பதற்கு முன் வழக்கப்படி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். போர்டின் நெகட்டிவ் ஒயரும் மீட்டரின் இரும்புக் கிண்ணமும் ஒன்றாக இருந்தன. என் காரில் ஸ்டீயரிங் ராடில் கிளாம்ப் போட்டால் கிண்ணம் பாடியைத் தொடும், பாடி பேட்டரியின் பிளஸ். ஒயரை இணைத்த அந்த நொடியே பியூஸ் போயிருக்கும், பியூஸ் இல்லாத பழைய காராக இருந்தால் ஒயரே புகைந்திருக்கும். நான் எழுதி வைத்த தாளை அவர் படித்திருக்கிறார், கோட்டைப் பற்றிய வரியை மட்டும்.

போன் செய்தேன். "ஆறு வோல்ட்டில் இப்போது யார் ஓட்டுகிறார்கள்?" என்றார். நான் ஓட்டுகிறேனே என்றேன். சிரித்தார், பிறகு மன்னிப்பும் கேட்டார். அவரிடம் இருப்பது ஒரே வகை போர்டுதானாம், கிண்ணத்தைப் பாடியிலிருந்து பிரித்து, ஒயரைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யும் என்றார். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று கிளாம்புக்கு அடியில் ரப்பர் சுற்றி, போர்டின் பிளஸ்ஸைப் பாடியிலும் மைனஸை இக்னிஷன் ஒயரிலும் கொடுத்தேன். டயல் பல்பின் எர்த் பாடியில் இருக்கிறது, அதன் சாக்கெட்டும் அதே கிண்ணத்தைத் தொடுகிறது என்பதை மறந்துவிட்டேன். இக்னிஷனைத் திருகியதும் ஒரு பியூஸ் போனது. அது என் தப்பு, அவர் கணக்கில் எழுத மாட்டேன்.

பல்பையும் பிரித்த பிறகு முள் அசைந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. கிராங்க் புல்லியில் பளபளப்பு டேப் ஒட்டி, ஒளியால் எண்ணும் டேக்கோமீட்டரை மகள் கையில் கொடுத்தேன். அவள் முன்னால் நின்று எண்ணைக் கத்துவாள், நான் உள்ளிருந்து முள்ளைப் பார்ப்பேன்.

"ரெண்டாயிரம்ப்பா!"

முள் 1400இல் நின்றது. ஹெட்லைட்டைப் போட்டேன்.

"இன்னும் ரெண்டாயிரம்தான்!"

முள் 1200க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது.

போர்டைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. அதில் இருந்தது எல்.எம். 2917 சிப். துடிப்பை எண்ணி வோல்ட்டாக மாற்றும் பழைய, நம்பகமான சிப், குறை சொல்ல ஒன்றுமில்லை. உழக்கின் அளவை நிலையாக வைக்க அதற்குள்ளேயே 7.56 வோல்ட் ஜீனர் ஒன்று உண்டு. பன்னிரண்டு வோல்ட் காரில் அதற்கு மேல் தாராளமாக மிச்சம் இருக்கும், ஜீனர் விழித்திருக்கும். என் காரில் சார்ஜ் ஏறும்போதே ஏழு சொச்சம்தான். அதிலும் சிப்புக்கு முன்னால் உள்ள ரெசிஸ்டர் கொஞ்சம் தின்றுவிடுகிறது. ஜீனர் தூங்கிக்கொண்டே இருந்தது, சிப் கார் வோல்ட்டேஜிலிருந்தே உழக்கை அளந்தது. மெர்க்குரி செல் போட்டு சன் கம்பெனி தீர்த்து வைத்த பழைய பிரச்சினை, புது போர்டு வழியாகத் திரும்பி வந்திருந்தது.

போர்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு 95 டாலரையும் தந்துவிடுவதாகச் சொன்னார். நான் பாதியைத் திருப்பிக் கொடுங்கள், போர்டை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டே நாளில் பணம் வந்தது. இப்படி வாதாடாமல் தருகிறவர்கள் இந்தத் தொழிலில் அதிகம் இல்லை.

பிறகு நான் செய்தது, ஆறு வோல்ட் பாசிட்டிவ் எர்த் வைத்திருக்கும் வேறு யாருக்காவது பயன்படும். நான்கரை முதல் ஒன்பது வோல்ட் வரை வாங்கிப் பன்னிரண்டு வோல்ட் தரும் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர், தீப்பெட்டியளவு, ஆன்லைனில் கிடைக்கும். ஐசொலேட்டட் என்ற சொல் முக்கியம்: உள்ளே போகும் பக்கத்துக்கும் வெளியே வரும் பக்கத்துக்கும் கம்பித் தொடர்பே இருக்காது, அதனால் காரின் எர்த் எதுவாக இருந்தாலும் வெளிப்பக்கத்துக்குக் கவலை இல்லை. அடுத்தது பாயிண்ட்டிலிருந்து வரும் சிக்னல். அதையும் நேராகக் கொண்டுவந்தால் பிரித்ததெல்லாம் வீண், ஆகவே நடுவில் ஒரு ஆப்டோகப்ளர். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு குட்டி எல்.இ.டி. மின்னும், எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளும். இக்னிஷன் காயில் திருப்பி உதைக்கும் வோல்ட்டேஜ் இரண்டு மூன்று நூறு வரை போகும். தொடரில் ஒரு ரெசிஸ்டரும் குறுக்கே ஒரு டயோடும் இல்லாவிட்டால் எல்.இ.டி. ஒரு நாள்கூடத் தாங்காது.

இதையெல்லாம் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேசை மேல் காலியாகக் கிடந்த சன் டப்பா கண்ணில் பட்டது. உப்பைச் சுரண்டி, வினிகரில் துடைத்து, செல் இருந்த பள்ளத்தில் கன்வெர்ட்டரை உட்கார வைத்தேன், அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. போர்டையும் கிண்ணத்திலிருந்து எடுத்து டப்பாவுக்குள் மாற்றினேன். வெளியே பழைய முனைகள், பழைய சாயம், பழைய லேபிள். இப்போது தலை மறுபடியும் வெறும் மில்லியாம்பியர் மீட்டர், கணக்கு மறுபடியும் டப்பாவின் வேலை. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) பார்க்கிறவர்களுக்கு 1950களின் சாமான்தான் தெரியும்.

அளவு சரிபார்க்கச் சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். அமெரிக்காவில் சுவர் பிளக்கில் இருப்பதே 60 ஹெர்ட்ஸ், இந்த வேலைக்குப் போதுமான துல்லியத்தோடு ஒரு இலவச அளவுகோல். 6.3 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு டயோடும் போட்டால் நொடிக்கு 60 துடிப்பு, வி8 மீட்டரில் 900. நான்கு டயோடு பிரிட்ஜ் போட்டால் 120 துடிப்பு, சரியாக 1800. ஆறு சிலிண்டர் மீட்டருக்கு இதே இரண்டும் 1200, 2400 என்று வரும். சுவர் மின்சாரத்தை நேராகத் தொடக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால்தான் எல்லாம். என்னிடம் ஜெனரேட்டரும் இருந்ததால் 200 ஹெர்ட்ஸ் கொடுத்து 3000த்தில் திருகாணியை நிறுத்தினேன். ஐடிலில் சரியாகக் காட்டி மேலே பொய் சொல்லும் மீட்டரைவிட, மேலே சரியாகக் காட்டிக் கீழே கொஞ்சம் தடுமாறும் மீட்டர் மேல். ஐடிலைக் காதே சொல்லும். முடிவில் 1800க்கு 1800, 3000க்கு 3000, 4000 கொடுத்தால் 3950, 900 கொடுத்தால் 850. அறுபது வருடத்துக்கு மேல் பழைய டயலில் இது ஒரு முள் தடிமன் பிழை.

பன்னிரண்டு வோல்ட், நெகட்டிவ் எர்த் கார் வைத்திருப்பவர்களுக்கு என் கதையில் பாதி தேவையே இல்லை. அந்தக் கடையின் போர்டு அவர்களுக்கு அப்படியே வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை: எம்.எஸ்.டி. கம்பெனி செய்வது போன்ற கப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் இக்னிஷன் போட்டிருந்தால் மீட்டர் ஒயரை இக்னிஷன் காயிலில் கொடுக்காதீர்கள், அங்கே இருக்கும் வோல்ட்டேஜ் மீட்டரைக் கொன்றுவிடும். டேக்கோமீட்டருக்கென்று அந்தப் பெட்டியிலேயே தனி முனை உண்டு. அது தரும் சதுர அலை இது மாதிரி புது போர்டுக்குச் சரியாக இருக்கும், டிரான்ஸ்மிட்டர் டப்பா கொண்ட பழைய சன் அமைப்பு பாயிண்ட்டையும் காயிலையும் எதிர்பார்த்துச் செய்தது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பழைய முகம் போட்ட புது மீட்டர் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். வாங்கலாம், வேலை செய்யும். எனக்கு அதில் நகப்பூச்சுக் கோடு இருக்காது.

மதிப்பெண் என்று கேட்டால்: முள், டயல், பேக்கிங் மூன்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. போர்டுக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் என் காரில் மட்டும். வாடிக்கையாளர் எழுதிய தாளை முழுசாகப் படிப்பதற்கு ஒன்று. தப்பு நடந்த பிறகு நடந்துகொண்ட விதத்துக்கு மறுபடியும் ஐந்து.

போன வாரம் இருட்டிய பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று போனேன். இரண்டாவது கியரில் முள் 3000த்தில் நிற்கும்போது ஹெட்லைட்டை அணைத்து, போட்டு, மறுபடி அணைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. "லைட்டைப் போடுங்கப்பா, ரோடு தெரியல" என்றாள்.

அடுத்ததாக ஒரு ஸ்டூவர்ட்-வார்னர் கம்பெனி மீட்டர் கைக்கு வந்திருக்கிறது, அதிலும் முள் ஒட்டுகிறது. அதே கடைக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். முனைகளைக் கம்பியால் ஷார்ட் செய்துவிட்டு, போர்டு வேண்டாம் என்று இந்த முறை பெட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதிவிட்டேன்.